உப்புக் காற்றும் செம்புக் கம்பியும்

(மீன்பிடித் தடைக்காலத்தில், நாகப்பட்டினத்தில் படகு உரிமையாளர்களும் டிரைவர்களும் எஞ்சின் மெக்கானிக்குகளும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தை உத்தேசித்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்லலாகாது என்று அரசாங்கம் விதித்திருக்கிற இந்த 61 நாட்களில், கடுவையாற்றின் கரையை ஒட்டி அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் படகுகளைக் கரையேற்றி, பழுதான பலகையை மாற்றுவதும், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி வர்ணம் பூசுவதும், எஞ்சினைப் பிரித்து லைனரும் பிஸ்டனும் பார்ப்பதுமாக உங்கள் கைகள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. லட்சக்கணக்கில் பணம் செலவாகும் காரியங்கள் இவை. சிரத்தையோடு செய்யப்படும் காரியங்களுங்கூட. ஆனால் அந்த எஞ்சினின் பக்கவாட்டில், புகையும் டீசலும் படிந்து நிறம் தெரியாமல் போய், பத்து இடங்களில் டேப் சுற்றப்பட்டு, நைலான் கயிற்றால் ஏதோ ஒரு குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டுத் தொங்குகிறதே ஒரு வயர்க் கற்றை, அதை எத்தனை படகுகளில் எத்தனை பேர் அவிழ்த்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் நிம்மதி கொள்வதில்லை. அந்தக் கற்றையைப் பற்றி, அது எப்படிக் கெடுகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்விதம் பழுது பார்த்தால் அது கடலில் நிலைக்கும் என்பதைப் பற்றியே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன்.

டீசல் எஞ்சினுக்கு வயரிங் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி வேண்டியதில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆகையால் ஒருமுறை ஓடத் தொடங்கிய பழைய பாணி டீசல் எஞ்சின், மின்சாரமே இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை முதலில் ஓடச்செய்வது செல்ஃப் மோட்டார். செல்ஃப் மோட்டாருக்கு உயிர் பேட்டரி. பேட்டரிக்கு உணவூட்டுவது டைனமோ. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எச்சரிப்பதும், தண்ணீர்ச் சூடு ஏறினால் தெரிவிப்பதும் ஒவ்வொரு மெல்லிய வயர். எஞ்சினை நிறுத்தும் சொலினாய்டிலே இரண்டு விதம் உண்டு: மின்சாரம் கொடுத்தால் எஞ்சினை நிறுத்துவது ஒரு விதம், மின்சாரம் இருக்கும்வரை டீசலைத் திறந்துவைத்து, அற்றுப்போன கணமே அடைத்துவிடுவது மற்றொரு விதம். இந்த இரண்டாம் விதம் பொருத்தப்பட்ட படகில், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு வயர் எங்கோ ஓரிடத்தில் அற்றுவிட்டால், எவ்விதப் பழுதும் இல்லாத பெரிய எஞ்சின் நடுக்கடலில் சட்டென்று நின்றுவிடும். உங்கள் படகில் இருப்பது எந்த விதம் என்பதை உங்களில் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும்.

நின்ற படகுக்கு என்ன நேரும் என்பதை இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீரோட்டம் இழுத்த பக்கம் அது போகும். காற்று தள்ளிய பக்கம் அது போகும். 1974-ஆம் ஆண்டிலும் 1976-ஆம் ஆண்டிலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அலைகளின்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. அதைக் காட்டுவது ஜி.பி.எஸ். கருவி, உதவிக்குக் கூப்பிடக் கூடியது வி.எச்.எஃப். வயர்லெஸ், இரவில் மற்றக் கப்பல்களுக்கு நம் இருப்பை அறிவிப்பது விளக்கு. எஞ்சினோடு சேர்ந்து இவை மூன்றும் ஒரே பேட்டரியை நம்பியிருக்கின்றன. ஆகவே வயரிங்கில் நேரும் ஒரு குற்றம், படகை நிறுத்துவதோடு நில்லாமல், நின்றது எங்கே என்பதை அறியும் கண்ணையும், நின்றுவிட்டோம் என்று சொல்லும் வாயையும் ஒருசேர அடைத்துவிடக்கூடும். இதனாலேயே வயரிங் வேலையை உயிர் காக்கும் வேலை என்று நான் மதிக்கிறேன்.

இனி, கடல் இந்தச் செம்புக் கம்பியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலைத் திவலை காற்றில் பறந்து எஞ்சின் அறைக்குள் வந்து விழுகிறது, நீர் உலர்ந்துபோகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. தங்கிய உப்பு உலர்ந்து கிடக்கிறதென்று நாம் நினைப்பது தவறு. காற்றிலுள்ள ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். நாகப்பட்டினத்துக் காற்றில் இந்த அளவு ஈரம் பெரும்பாலான இரவுகளில் உண்டு. ஆகையால் கடல்நீர் ஒரு துளியும் மேலே படாத வயர்கூட, இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது என்று கொள்ளவேண்டும்.

அந்த ஈரம் வயரின் மேல்தோலோடு நின்றுவிட்டால் கேடில்லை. நாம் படகில் பயன்படுத்தும் வயர் பல மெல்லிய இழைகளை முறுக்கியது. அதன் முனையில் லக் என்னும் உலோகப் பிடியைப் பொருத்திய இடத்தில், தோல் சீவப்பட்டுச் செம்பு வெளியே தெரிகிற அரை அங்குலத்தில், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றிக்கொள்வதுபோல, இழைகளின் இடைவெளி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. வெளியே தோல் பளபளப்பாக இருக்கும். உள்ளே ஒரு முழம் தூரத்துக்குச் செம்பு கறுத்து, களிம்பேறி, தொட்டால் பொடியாக உதிரும். முனையில் மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து புதிய லக் போடுகிறவருடைய வேலை ஒரு மாதங்கூட நில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. இதற்கென்றுதான் மேல்நாட்டில் படகுகளுக்கு ஒவ்வோர் இழையின்மீதும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைப் பயன்படுத்துகிறார்கள். அது விலை அதிகமானாலும், வெறுஞ் செம்பைக்காட்டிலும் உப்பை நெடுங்காலம் தாங்குகிறது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில், வெள்ளித் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, உலகில் முதன்முதலாக இடையறாத மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். இரண்டு வெவ்வேறு உலோகமும் இடையில் உப்புநீரும் இருந்தால் அங்கே மின்சாரம் பிறக்கும். பிறக்கும்போது இரண்டில் ஓர் உலோகம் கரையும். உங்கள் எஞ்சினில் செம்பு வயரின் முனையில் வெள்ளீயம் பூசிய லக், அதை இறுக்கும் இரும்புப் போல்ட், போல்ட் ஏறியிருக்கும் வார்ப்பிரும்பு அல்லது அலுமினியம், எல்லாவற்றின்மேலும் உப்பு ஈரம் என்று அமைந்திருக்கும் ஒவ்வொரு மூட்டும், யாரும் கேளாமலே தயாரிக்கப்பட்ட ஒரு வோல்ட்டா அடுக்காகவே இருக்கிறது. தரையில் ஓடும் லாரியின் வயரிங் பத்து வருஷம் தாங்குகிறதே, அதே எஞ்சினைப் படகில் வைத்தால் வயர் இரண்டே வருஷத்தில் போகிறதே என்று வியப்பவர்களுக்கு, லாரியில் இல்லாத இந்த இரசாயனமே விடை.

இதோடு சேர்ந்து ஓயாத அதிர்வும், எக்ஸாஸ்ட் குழாயின் சூடும், ரப்பரையும் பி.வி.சி.யையும் கெடுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும், துறைமுகத்தில் படகேறிவிடும் எலிகளும் தத்தம் பங்கைச் செய்கின்றன. இவற்றை நீங்கள் கண்ணாலேயே காண்பீர்களாகையால் அதிகம் விவரிக்கவேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் விவரித்தாகவேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் வயர் எங்கேயாவது தோல் உரிந்து, படகின் அடிவயிற்றில் தேங்கிய தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்குமாயின், அங்கிருந்து மின்சாரம் தண்ணீர் வழியாகக் கசிந்து, அகப்பட்ட உலோகத்தின் வழியாகப் புறக்கடலுக்குப் போய்த் திரும்பும். அது உலோகத்தை விட்டு நீருக்குள் புறப்படும் இடத்தில் அந்த உலோகம் கரைந்துகொண்டே போகும். இயல்பான துருவேறுதல் வருஷக்கணக்கில் செய்யும் சேதத்தை இந்தக் கசிவு சில நாட்களில் செய்துவிடும். புரொப்பல்லரோ, ஷாஃப்டோ, கடல்நீர் எடுக்கும் வால்வோ இப்படி அரிக்கப்பட்டபோது, உலோகம் மட்டமானது என்று வார்ப்படக்காரரை வைதவர்கள் உண்டு; குற்றம் வயரில் இருந்தது. அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துகிறோமே, அதன் மூலவித்தை பழையது: 1824-ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் போர்த்திய செம்புத் தகடு கடலில் கரைவதைத் தடுக்க, துத்தநாகமும் இரும்பும் அதனோடு சேர்த்துப் பொருத்திப் பரிசோதித்தார், செம்பு காப்பாற்றப்பட்டது, செம்பு கரையாமல் போகவே பாசியும் சிப்பியும் தாராளமாக ஒட்டிக்கொண்டன என்பது அந்தப் பரிசோதனையின் மற்றொரு பக்கம். ஆனால் துத்தநாகம் காப்பது இரண்டு உலோகங்கள் சேர்வதால் விளையும் அரிப்பிலிருந்தே. பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரத்தின் முன் அந்தச் சிறு கட்டி வெகுநாள் நிற்காது.

இவ்வளவு கேட்டபின், களிம்பேறிய மூட்டு ஏன் எஞ்சினைக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓம் என்னும் ஜெர்மானியர் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, மின்தடையை ஆம்பியரால் பெருக்கினால் அங்கே எத்தனை வோல்ட் விழுந்துவிடுகிறது என்பது கிடைக்கும். 12 வோல்ட் பேட்டரி, செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையிலிருக்கும் 50 சதுர மில்லிமீட்டர் கேபிள், போகவும் வரவுமாக 3 மீட்டர் என்றால், அதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விழுவது 0.3 வோல்ட், செல்ஃப் மோட்டார் அதைப் பொருட்படுத்தாது. இப்போது ஒரு லக்கின் அடியில் களிம்பு ஏறி, நூற்றில் ஒரு பங்கு ஓம் மட்டும் தடை கூடிற்று என்றால், அந்த 300 ஆம்பியருக்கு 3 வோல்ட் அந்த ஒரே இடத்தில் மாய்ந்துபோகிறது. மாய்ந்தது வெப்பமாக, 900 வாட் அளவுக்கு, அந்தச் சிறு லக்கிலே வெளிப்படுகிறது. பேட்டரி டெர்மினலில் புகை வருவதும், கேபிள் தோல் உருகி வழிவதும் இவ்வாறே நேர்கின்றன. இதைக் கண்டு பேட்டரி போய்விட்டது என்று புதிய பேட்டரி வாங்குகிறவர் எத்தனை பேர்! செல்ஃப் மோட்டாரைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றுக்கட்டிக் கொண்டுவருகிறவர் எத்தனை பேர்! ஒரு ஸ்பானரும், ஒரு முழ உப்புத்தாளும், ஒரு புதிய லக்கும் போதுமாயிருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய் செலவாகிவிடுகிறது.

இங்கே, நம் மெக்கானிக்குகளிடம் பரவியிருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். எங்கேயோ வயர் போய்விட்டது. எங்கே என்று தேட நேரமில்லை. படகு இன்றிரவே புறப்படவேண்டும். உடனே பேட்டரியிலிருந்து ஒரு புது வயரை இழுத்துச் சாமான் எதுவோ அதற்கே நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். "டைரக்ட் கொடுத்தாச்சு" என்ற வார்த்தையை நீங்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்கலாம். கடலில், இருட்டில், உயிர் பிழைத்துக் கரை சேரவேண்டிய வேளையில் அது உசிதமான உபாயம். அதைச் செய்யத் தெரிந்த டிரைவரை நான் மெச்சுகிறேன். கரைக்கு வந்தபிறகும் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் தீமை. ஏனெனில் அந்த நேர்வயரில் ஃபியூஸ் இல்லை. சாவியைத் திருப்பினாலும் அது சாவதில்லை. செத்துப்போன பழைய வயரோ கற்றைக்குள்ளேயே கிடந்து, ஈரம் பட்ட வேளையில் மறுபடி உயிர்பெற்று, எதிர்பாராத இடத்தில் மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான் பார்த்த ஒரு படகில், மீட்டர் பலகைக்கென்று முன்னொரு நாள் கொடுத்த நேர்வயர், எஞ்சினின் அதிர்வால் எக்ஸாஸ்ட் குழாயின்மேல் சாய்ந்து தோல் கருகி, படகின் உடலைத் தொட்டு, கற்றை முழுவதையும் எரித்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற வேளையாதலால் ஆட்களுக்கு ஆபத்தில்லை. பேட்டரி அருகில் ஒரு சிறிய ஃபியூஸ் இருந்திருந்தால் அது அறுந்து, மற்றதெல்லாம் தப்பியிருக்கும். அமெரிக்கப் படகு கட்டுவோர் பின்பற்றும் விதிகளில், செல்ஃப் மோட்டாரின் பெரிய கேபிளைத் தவிர, பேட்டரியிலிருந்து நேராகப் புறப்படும் ஒவ்வொரு வயருக்கும் பொதுவாக 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும் என்று வகுத்திருப்பது இத்தகைய அனுபவங்களால்தான்.

பழுதைத் தேடுவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. பலர் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் இடத்தில் வைத்து, இரு முனையையும் தொட்டு, "பீப்" என்று ஒலி வந்தால் வயர் நன்றாயிருக்கிறதென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முப்பது இழையில் இருபத்தொன்பது அற்று ஒன்றே மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் ஒலிக்கும். ஏனெனில் அது அனுப்பும் மின்சாரம் மிக மிகச் சிறியது. வேலை செய்யும்போதுதான் வயரின் யோக்கியதை தெரியும். ஆகையால், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப், விலையுயர்ந்த மீட்டரைவிடப் பல சமயங்களில் உண்மையைச் சொல்லும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கிறது. இற்றுப்போன வயரால் அதைக் கொடுக்க இயலாமல் பல்பு மங்கும். செல்ஃப் மோட்டாரின் கேபிளுக்கு இதைவிடத் திட்டமான பரீட்சை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணின்மேலேயே வையுங்கள், லக்கின்மேல் வைக்காதீர்கள். மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட். அது அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் நோய் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டாகத் தாண்டி அளந்துகொண்டே போனால் நோயின் இடம் தானே அகப்படும்.

இதே அளவையை நெகட்டிவ் பக்கத்திலும் செய்யவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். பேட்டரியை விட்டுப் போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தாகவேண்டும். போகும் வழியைப் பார்க்கிறோம், வரும் வழியை மறந்துவிடுகிறோம். பேட்டரியிலிருந்து எஞ்சின் உடலுக்கு வரும் எர்த் கேபிள் பெரும்பாலும் எஞ்சினின் கீழ்ப்புறத்தில், தண்ணீரும் எண்ணெயும் கலந்து தெறிக்கிற இடத்தில், வர்ணத்தின்மேலேயே வைத்து இறுக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு போல்ட் துருவேறினால், மீட்டர்கள் எல்லாம் ஒருசேர ஆடும். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்கும். டைனமோ சார்ஜ் ஏற்றாது. செல்ஃப் 'டிக்' என்று ஒலித்து நிற்கும். பல இடங்களில் பல நோய்கள் ஒரே நேரத்தில் தோன்றினால், முதலில் எர்த்தைப் பாருங்கள். இத்தனை வருஷ அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் லக்கைக் கழற்றி ஒதுக்கிவைக்கவேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி எஞ்சின் உடலில் பட்ட கணம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கும் தன்மையுடையது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் வரவேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது ஒரு பரீட்சை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது இன்றைய டைனமோக்களுக்குள் இருக்கும் டையோடுகளை எரித்துவிடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கெட்ட வயரை வெட்டும்போது, தோலைச் சீவிச் செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். புதுச் செம்பின் சிவப்பு தெரியும்வரை வெட்டுங்கள். ஒரு முழம் போகவேண்டியிருந்தால் அந்த வயரையே மாற்றிவிடுவது உத்தமம். புது வயரின் பருமனை, கடையில் அகப்பட்டது என்பதற்காகத் தீர்மானிக்கலாகாது. எஞ்சினிலிருந்து, படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸ் 6 மீட்டர் என்றால் மின்சாரம் போய்வர 12 மீட்டர். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் அனுப்பினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். முக்கியமான சாமான்களுக்கு நூற்றுக்கு 3 பங்குக்குமேல், அதாவது 12 வோல்ட்டில் 0.36-க்குமேல் விழலாகாது என்பது நல்ல படகு வேலையின் அளவுகோல். அப்படியானால் இங்கே வேண்டியது 6 சதுர மில்லிமீட்டர். நிறத்தையும் மாற்றாதீர்கள். பழையது ஊதாவானால் புதியதும் ஊதாவாகவே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் இரு முனையிலும் அந்த நிறத்தில் ஒரு சிறு ஸ்லீவ் ஏற்றிவிடுங்கள். உங்களுக்குப் பின் வேறொருவர் அந்தக் கற்றையை இருட்டில் அவிழ்க்கப்போகிறார்.

மூட்டுப் போடுவதில்தான் தொழிலாளியின் மனச்சாட்சி தெரிகிறது. இரு முனையையும் முறுக்கி டேப் சுற்றுவது வீட்டிலேயே தகாத வேலை. படகில் அதைச் செய்வது உப்புநீருக்கு வாசல் திறந்துவைப்பதே. டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகி, டேப் அவிழ்ந்து, அதற்குள்ளேயே ஈரம் தங்கும். ஈயம் பற்றவைப்பது நல்ல மூட்டல்லவா என்று முதியவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் எனக்குள்ள மதிப்பு குறையாமலே சொல்கிறேன், அதிர்கிற எஞ்சினில் அதை மட்டும் நம்பலாகாது. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஓர் அங்குலத்துக்குக் கம்பியை விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் அந்த எல்லையிலே அதிர்வு குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. வயரின் பருமனுக்குச் சரியான லக்கை எடுத்து, முழு அழுத்தம் விழுந்தபின்னரே வாய் திறக்கும் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, அதன்மேல் உட்புறம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிச் சூடுகாட்டி, இரு ஓரத்திலும் பசை சிறிது பிதுங்கி வரும்வரை பொறுத்திருப்பதே சரியான முறை. பிளையரால் நசுக்கிய லக் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடும்.

எஞ்சின் கற்றையும் மீட்டர் பலகைக் கற்றையும் சேருகிற பல்முனைப் பிளக் பல எஞ்சின்களில் பின்புறத்தில் இருக்கிறது. காரணம் தெரியாமல் நின்று நின்று ஓடும் எஞ்சினில், அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதி மர்மம் விடுபடும். முட்கள் பச்சையேறியிருந்தால் சுரண்டுவதோடு திருப்தியடையாமல் பிளக்கையே மாற்றிவிடவேண்டும். வேலை முடிந்தபின் கற்றையை 45 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் வீதம் தாங்கி, சூட்டுக் குழாயிலிருந்து விலக்கி, தேங்குநீருக்கு மேலே உயர்த்தி, டெர்மினலுக்கு வருமுன் கீழ்நோக்கிச் சிறிது தொய்வு விடுங்கள். வழியும் நீர் அந்தத் தொய்விலிருந்து சொட்டிவிடும், டெர்மினலுக்கு ஏறாது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து, தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய உயிர்ச்சேதத்தை இந்த மாவட்டம் அனுபவித்த நாளை உங்களிடம் நினைவூட்டுவது எனக்குத் துக்கமாயிருக்கிறது. கடல்நீரில் முழுவதும் மூழ்கிய எஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டியிருப்பதால் மட்டும் அதைக் குறிப்பிடுகிறேன். மூழ்கிய எஞ்சினைத் தாமதியாமல் நன்னீரில் அலம்பி, டீசலும் எண்ணெயும் மாற்றி இயக்கிவிட முடியும். அதன் வயர்க் கற்றையை வெயிலில் உலர்த்தி மறுபடி மாட்டுவது வீண். இழைகளுக்குள் புகுந்த உப்பு எந்தக் கழுவலுக்கும் வெளியே வராது. சில மாதங்கள் பொறுத்து, ஒவ்வொரு வயராகத் தன் வேலையைக் காட்டும். கற்றை முழுவதையும் புதிதாகப் போடுவதே அங்கே சிக்கனம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் 1950-களில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் எஞ்சின் படகைப் புகுத்திய காலத்தில், எஞ்சின் அறிந்தவர்கள் நம் கடற்கரையில் மிகச் சிலர். 1963-இல் கொச்சியிலும், 1968-இல் அதன் கிளையாகச் சென்னையிலும் ஏற்பட்டு, இன்று சிஃப்நெட் என்று வழங்கும் மத்திய நிறுவனம், மரைன் ஃபிட்டர் முதலிய பயிற்சிகளை அளித்து வருகிறது. மீன்வளப் பல்கலைக்கழகமே இந்த நாகப்பட்டினத்தில் இருக்கிறது. கையில் வேலை கற்ற நீங்கள், அந்த வேலையின் காரணத்தையும் கற்றுக்கொண்டால், உங்களுக்கு நிகரானவர் இந்தக் கரையில் இருக்கமாட்டார்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்து என் உரையை முடிக்கிறேன். வயரிங் வேலைக்கு வரும் மெக்கானிக்குக்கு, எஞ்சின் மாட்டி முடிந்த கடைசி நாளின் மாலைப்பொழுதை ஒதுக்காதீர்கள். முழுதாக இரண்டு நாள் கொடுங்கள். அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுங்கள். முன்பு டைரக்ட் கொடுத்த வயர்களையெல்லாம் கழற்றச் சொல்லுங்கள். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த நிறம், எந்த ஃபியூஸ் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, வீல்ஹவுஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு சிறிய டப்பாவில் கொஞ்சம் லக், கொஞ்சம் ஸ்லீவ், நாலைந்து ஃபியூஸ், பத்து மீட்டர் வயர், ஒரு கிரிம்பிங் கருவி, ஒரு டெஸ்ட் லேம்ப் இவற்றைப் போட்டு டிரைவரிடம் கொடுங்கள். ஒரு நாள் டீசல் செலவில் இவையெல்லாம் அடங்கிவிடும்.